தட்டில் நின்ற நீர்

தில்லைத் திருநகரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். நாள்தோறும் ஆன்மார்த்த பூசை இயற்றுபவர். ஞாயிறுதோறும் மாலையில் தம் இல்லத்துத் திண்ணையில் அன்பர் சிலரைக் கூட்டிச் சிவஞானசித்தியார் பாடஞ் சொல்லி வருபவர். அவர் இல்லத்து மொட்டைமாடியில், பத்தங்குல வாயகலமுள்ள மண்தொட்டியொன்றில், ஒன்பதாண்டு வளர்ந்த வில்வச்செடி ஒன்று நின்றது. மார்பளவு உயரமே உடையதாயினும், அன்றாடப் பூசைக்கு வேண்டும் பத்திரத்தைக் குறைவின்றி அளித்து வந்த அச்செடி, 2024 ஆம் ஆண்டுக் கோடையில் நீரற்றுக் காய்ந்துபோயிற்று. அது காய்ந்தவாறும், அதன்பால் உயிர் எஞ்சியிருந்தமை அறியப்பட்டவாறும், அவ்விரண்டிற்கும் இடையே அப்பெரியவர் ஒரு சிறுவன்பால் செய்த பிழையும் ஈண்டுக் கூறப்படும்.

அச்செடியை வித்திட்டு வளர்த்தவர் ஆசிரியரின் துணைவியார். 2015 ஆம் ஆண்டு ஆனித் திங்களில், உறவினர் தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த பழமொன்றை எடுத்துவந்து உடைத்து, பிசினிற் புதைந்திருந்த விதைகளைக் கழுவி, ஐந்தனை ஊன்றினார். ஒன்றே முளைத்தது. வில்வ விதை நெடுநாள் சேமித்து வைக்கத் தக்கதன்று. பழத்தினின்று எடுத்த அண்மையிலேயே ஊன்றல் வேண்டும். அம்மையார் இதனை நூலிற் கற்றவரல்லர். தம் தாயார் செய்யக் கண்டவர். அவர் நீர் வார்த்தார். ஆசிரியர் இலை கொய்தார். சோமவாரம், அமாவாசை, மாதப்பிறப்பு முதலிய விலக்கு நாள்களுக்கு வேண்டுவதனை முதல்நாளே கொய்து வைத்தலும், மூவிலையும் பழுதற்றனவாகத் தேர்தலும் ஆசிரியர் பணி. செடிக்கு எப்பொழுது நீர் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பன அவர் அறியாதவை. அறியவேண்டிய தேவையும் அவர்க்கு நேர்ந்ததில்லை.

2021 ஆம் ஆண்டில் அம்மையார் சிவனடி சேர்ந்தார். பூவாளி ஆசிரியர் கைக்கு வந்தது. அவர் தமக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டார்: தொட்டியின் அடியிலுள்ள தட்டில் நீர் தோன்றுமளவும் ஊற்றுதல், தோன்றியவுடன் நிறுத்துதல். மூன்றாண்டு அவ்விதி இடரின்றி நடந்தது. இடரின்றி நடந்த விதியை ஆராய்வார் உலகிற் சிலரே.

நிலத்தில் நிற்கும் வில்வம் வறட்சிக்கு எளிதில் அஞ்சுவதன்று. சரளை மண்ணிலும் அது வேரூன்றும். கோடைத் தொடக்கத்தில் பழுத்த இலைகளை உதிர்த்துப் புதுத்தளிர் ஈனும். நீர் மேலே இல்லையாயின் அதன் வேர் கீழே தேடிச் செல்லும். தொட்டியிலுள்ள மரத்துக்குத் தேடிச் செல்லும் வழி அடைக்கப்பட்டது. அதன் வேர் தொட்டியின் சுவரைத் தொட்டு, திரும்பி, தன்னையே சுற்றி வளரும். தனக்கு வேண்டுவதனைத் தான் தேடிக்கொள்ள மாட்டாத அது, பிறர் கையை நோக்கியே உயிர் வாழ்வது. சப்பானியர் ஆழமற்ற தட்டங்களில் மரங்களைக் குறுக வளர்க்கும் போன்சாய் என்னும் கலையில், நீர் ஊற்றக் கற்பதற்கே மூன்றாண்டு செல்லும் என்பது வழக்குரை. அங்ஙனம் 1625 ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பெற்றுவந்த பைன் மரம் ஒன்று, 1945 ஆம் ஆண்டில் இரோசிமா நகரின்மீது அணுகுண்டு வீழ்ந்த இடத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் பிழைத்தது. 1976 இல் அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டு, வாசிங்டனிலுள்ள தாவரத் தோட்டத்தில் இடம்பெற்றது. குண்டுக்குத் தப்பிய அம்மரமும், நீர் ஊற்றுவார் சில நாள் மறப்பின் மாயும் என்பதனை நோக்கின், தொட்டிச்செடியின் நிலை இனிது விளங்கும்.

நிற்க. 2024 ஆம் ஆண்டு சித்திரைத் தொடக்கத்தில், வலக்கண்ணின் புரையை நீக்கும் அறுவை மருத்துவத்தின்பொருட்டு, ஆசிரியர் கோயம்புத்தூரிலுள்ள தம் மகள் இல்லத்துக்குச் செல்ல நேர்ந்தது. புறப்படுவதற்கு முந்திய மூன்று நாள்களும், ஆண்டுப்பிறப்புப் பூசையிலும் பயண ஏற்பாட்டிலும் கருத்துச் சென்றமையால், அவர் மாடிக்கு ஏறவில்லை. பங்குனியில் துளிர்த்த இளந்தழை செறிந்து, செடி மிகுதியாக நீர் பருகும் காலம் அது. புறப்பட்ட காலையில், அடுத்த வீட்டுச் சிறுவனை அழைத்தார். அவன் பன்னிரண்டு வயதினன். இரண்டு வீட்டு மாடிகளையும் பிரிப்பது முழங்காலளவுச் சுவரொன்றே. “தம்பி, நாள்தோறும் காலையில் இச்செடிக்கு நீர் ஊற்று. தட்டில் நீர் வந்ததும் நிறுத்திவிடு. மிகுதியாக ஊற்றினால் வேர் அழுகும்” என்று கூறிச் சென்றார். சிறுவனும் தலையசைத்தான்.

இருபத்துநான்கு நாள் கழித்து அவர் திரும்பியபொழுது கத்தரி வெயில் தொடங்கி நான்கைந்து நாள் ஆகியிருந்தது. தெளிவு பெற்ற கண்ணோடு முதன்முதல் காண விழைந்தது அச்செடியையே. மாடியேறிக் கண்டார். மேற்கிளைகளின் இலைகள் யாவும் பழுப்புநிறமுற்றுச் சுருண்டு, கிளையை விடாது தொங்கின. தொட்டால் நொறுங்கின. கீழ்க்கிளை இரண்டும் இலையின்றி வெறுமையாய் நின்றன. அவற்றின் இலைகள் தரையில் உதிர்ந்து கிடந்தன.

அவர் சிறுவனை அழைத்து வினவினார். “நாள்தோறும் ஊற்றினேன், தாத்தா” என்றான் அவன்.

“ஊற்றியிருந்தால் இப்படியா ஆகும்?”

“தட்டில் நீர் வரும்வரை ஊற்றினேன், தாத்தா. ஒருநாளும் விடவில்லை.”

“செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லிவிடு. பொய் சொல்லாதே” என்றார் ஆசிரியர்.

சிறுவன் ஒன்றும் கூறாது சுவரைத் தாண்டித் தன் வீட்டிற்குட் சென்றான். அன்றுதொட்டு அவன் மாடிப்பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தூணருகே அமர்ந்து பாடங் கேட்பவன், அவ்வாரம் அதற்கும் வந்திலன்.

ஆசிரியர் தாமே நீர் ஊற்றத் தொடங்கினார். முதல் செம்பு ஊற்றிய சிறிது நேரத்தில் தட்டில் நீர் வந்து நின்றது. செடி நீர் கொண்டது எனக் கருதி மனநிறைவோடு இறங்கினார். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அங்ஙனமே. நான்காம் நாட் காலை, அவ்வில்லத்தில் வேலை செய்யும் அம்மையார் மாடியைப் பெருக்குதற்பொருட்டுத் தொட்டியை நகர்த்தினார். கண் அறுவைக்குப்பின் பளுவான பொருளைத் தூக்கலாகாதென்று மருத்துவர் விலக்கியிருந்தமையின், ஆசிரியர் அதனைத் தொட்டதேயில்லை. “ஐயா, இதில் மண் இருக்கிறதா, உமி இருக்கிறதா? ஒரு கையால் தூக்க வருகிறதே” என்றார் அவ்வம்மையார். சற்றுமுன்தான் நீர் ஊற்றியதாக ஆசிரியர் கூற, அவர் மண்ணுள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரலிற் புழுதியே ஒட்டியிருந்தது. மேற்பரப்பில் அரையங்குலம் ஈரம். அதன்கீழ் முற்றும் வறள். “மண் குடிக்கவே இல்லை, ஐயா. பக்கத்தால் வழிந்து ஓடிவிடுகிறது” என்று, தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே நகம் நுழையுமளவு விட்டிருந்த இடைவெளியைச் சுட்டினார்.

ஆசிரியர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார்.

அந்த இடைவெளி எங்ஙனம் உண்டாயிற்று என்பது அறியத்தக்கது. களிமண் கலந்த தொட்டிமண் உலருங்கால் சுருங்கும். சுருங்கிச் சுவரை விட்டு விலகும். மக்கிய எருவும் சருகும் முற்ற உலருமாயின், அவற்றிலுள்ள மெழுகு போன்ற பொருள் மண்துகள்களின்மேற் படிந்து, தாமரையிலைமேல் நீர் ஓடுமாறுபோல, மேல்விழும் நீரை ஏற்காது உருட்டிவிடும். ஈரமண் நீரை ஈர்க்கும். வறண்டமண் நீரை விலக்கும். மிகத் தேவையுடையதே மிக மறுப்பது வியப்பாயினும், தொட்டிமண்ணின் இயல்பு அது. ஊற்றிய நீர் இடைவெளி வழியே நேரே கீழிறங்கித் தட்டை அடைகின்றது. வேர்த்திரளின் நடுவே துளியும் புகவில்லை. புறப்படுவதற்குமுன் மூன்று நாள் நீரற்றுக் கிடந்த தொட்டியே சிறுவன்பால் ஒப்படைக்கப்பட்டது. முதல்நாளிலேயே மண் விலகியிருத்தல் வேண்டும். அவன் ஊற்றிய நீர் முழுதும் தட்டிற்கே ஊற்றிய நீராயிற்று. தட்டில் கண்டவுடன் நிறுத்துமாறு பணித்தவரோ ஆசிரியர்.

அளவை நூலைப் பல்லாண்டு பாடஞ்சொன்னவர் ஆதலின், தாம் வழுவிய இடம் அவர்க்கு விரைவிற் புலப்பட்டது. காண்டல், கருதல், உரை என அளவை மூன்று. தட்டில் நீர் நின்றது காண்டல், அதிற் பிழையில்லை. தட்டில் நீர் உண்மையின் மண் நனைந்தது என்பது கருதல். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது பிறழாதது; தட்டில் நீருள்ளவிடத்து மண் நனைந்திருக்கும் என்பதோ, நனைந்தவிடத்தும் நனையாதவிடத்தும் ஒப்பச் செல்லும் ஏது. அஃது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலி. அதனையே விதியாக்கி ஒரு சிறுவன் கையிற் கொடுத்தார். பின்னர், செடி காய்ந்தமையின் நீர் பெற்றிலது என்று துணிந்தார், அத்துணிபு மெய். நீர் பெறாமையின் சிறுவன் ஊற்றிலன் என்று மேலும் துணிந்தார், அது பொய். எஞ்சியது உரை. கண்டதனைக் கண்டவாறே கூறியவன் அச்சிறுவன் ஒருவனே. அவ்வுரையைத் தள்ளியே அவனைப் பொய்யன் என்றார். திண்ணையில் மாணவர் தடுமாறும்போது அவர் முறுவலித்துத் திருத்தும் வழுக்கள் இவை.

இனி, செடிக்குச் செய்தது கூறுவாம். வேலை செய்யும் அம்மையாரின் துணையால், பெரிய அண்டாவொன்றில் நீர் நிரப்பி, தொட்டியை அதனுள் வைத்தனர். நீர் மண்ணின் மேல்விளிம்பைச் சற்றே மூடி நின்றது. உடனே மண்ணினின்று குமிழிகள் எழலாயின. மண்ணின் நுண்துளைகளில் அடைந்திருந்த காற்று வெளியேறி, அவ்விடத்தில் நீர் புகுவதன் அடையாளம் அது. மேலிருந்து ஊற்றும் நீர் வழி கண்டு ஓடிவிடும். சூழ நிற்கும் நீருக்கு ஓட வழியின்மையின், அது மெல்ல மெல்ல மண்ணுட் புகும். முக்கால் மணி நேரம் குமிழி எழுந்தது. அது நின்றபின் தொட்டியை எடுத்து, இரு செங்கற்களின்மேல் வைத்து, மிகுநீர் முற்றும் வடிய விட்டனர். தராசில் நிறுத்தபொழுது ஒன்பது கிலோகிராம் இருந்தது. நனைக்குமுன் நிறுத்தது ஆறு. அம்மூன்று கிலோகிராமே இருபத்துநான்கு நாளும் செடிக்குக் கிடைக்காத நீர். பின்னர் வெயில் படாத, காற்றும் வெளிச்சமும் உள்ள மாடிப்படித் தாழ்வாரத்தில் தொட்டி வைக்கப்பட்டது. தட்டை அப்புறப்படுத்தினர்.

உயிர் உண்டா என்பதே அடுத்த ஐயம். கிளையின் பட்டையை நகத்தாற் சிறிது சுரண்டிப் பார்த்தல் உழவர் வழக்கம்; உள்ளே பசுமையும் ஈரமும் தோன்றின் உயிர் உண்டு, பழுப்பும் வறட்சியும் தோன்றின் அவ்விடம் இறந்தது. நுனியினின்று அடிநோக்கிச் சிறிது சிறிதாகப் பார்த்துவரல் வேண்டும். ஒவ்வொரு சுரண்டலும் ஒரு புண்ணாதலின், கண்டவிடமெல்லாம் சுரண்டுதல் தகாது. மேற்கிளைகள் வளைத்தவளவில் ஒடிந்தன. நடுத்தண்டும் நெடுந்தூரம் பழுப்பே காட்டிற்று. மண்ணுக்கு ஒரு சாண் உயரத்தில், இலையுதிர்த்து வெறுமையாய் நின்ற கீழ்க்கிளை இரண்டின் அடியில், மயிரிழையளவு பசுமை தோன்றிற்று.

இங்கு ஒன்று குறித்தல் தகும். இலைகள் ஒட்டியிருந்த மேற்கிளைகளை நோக்கி, அவை பிழைக்குமென்றும், இலையற்ற கீழ்க்கிளைகள் பட்டுப்போயினவென்றும் ஆசிரியர் முன்னர் எண்ணியிருந்தார். உண்மை அதற்கு மறுதலை. இலை உதிர்தல் உயிருள்ள கிளை செய்யும் தொழில். நீர் குறைந்தபோது, இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிவுப்படை அமைத்து, நீரைச் செலவிடும் இலையைக் கிளை தானே கழித்துவிடுகின்றது. அதனைச் செய்வதற்குமுன்னே இறந்துபட்ட கிளைக்கு இலையை விடும் ஆற்றல் இல்லை. காய்ந்த சருகு அதனைப் பற்றிக்கொண்டே நிற்கும். பற்றி நிற்பது இறந்தது. விட்டு நிற்பது உயிருள்ளது. இதனை அறிந்த அன்று ஆசிரியர் பாடக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிப் பின் அடித்துவிட்டார்.

இறந்த தண்டை வெட்டல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆயினும் கை எழவில்லை. அத்தண்டின் நடுவே, செடி இளையதாயிருந்தபோது சாயாதவாறு அம்மையார் கோலொன்றோடு சேர்த்துக் கட்டிய பருத்திக்கயிற்றின் தழும்பு இருந்தது. பட்டை வளர்ந்து கயிற்றை ஓரளவு விழுங்கியிருந்தது. மூன்று நாள் அவர் அரிவாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். இறந்த பகுதி இருப்பதனாற் செடிக்கு அன்றே கேடு வருவதன்று. ஆயினும் நாளடைவில் அவ்வழியே பூசணம் அடிநோக்கி இறங்கும். நான்காம் நாள், பசுமை கண்ட இடத்துக்கு விரற்கடை மேலே, நீர் தங்காதவாறு சாய்வாக வெட்டினார். கயிற்றுத் தழும்புள்ள துண்டைப் பூசையறை மாடத்தில் வைத்தார். சித்தாந்தம் கற்றவர் இங்ஙனம் செய்யலாமோ என வினவுவார் வினவலாம்.

அதன்பின் அவர் செய்த பிழை அன்பினாற் செய்தது. நீரின்மையால் வாடிற்றாதலின் நீரே மருந்து எனக் கருதி, காலையும் மாலையும் ஊற்றலானார். இலையற்ற செடி மிகச் சிறிதே நீர் பருகும். நீரை உறிஞ்சுவன பருத்த வேர்களல்ல. அவற்றின் முனையருகேயுள்ள மயிர் போன்ற வேர்த்தூவிகள். வறட்சியில் முதற்கண் மாய்வன அவை. அவை மீள முளைப்பதற்கு ஈரம் மட்டும் போதாது. மண்ணிடைக் காற்றும் வேண்டும். இடையறாது நனைந்த மண்ணில் காற்றில்லை. ஒரு வாரத்தில் தொட்டியினின்று புளித்த நாற்றம் எழுந்தது. வேலை செய்யும் அம்மையாரே மீண்டும் எச்சரித்தார். விரலின் இரண்டாங் கணு வரை மண்ணுள் விட்டு, அங்கு ஈரமின்மை கண்டபின்னரே ஊற்றுவதென அன்றுமுதல் விதி மாறியது. உரக்கடைக்காரர் ஒருவர் விரைந்து தழைக்குமெனக் கொடுத்த உரப்பொதியைப் பிரிக்காமலே வைத்ததும் நன்றாயிற்று. உரம் என்பது உப்பு. மண்ணில் உப்பு மிகின், வேர் மண்ணினின்று நீர் கொள்வதற்கு மாறாக, வேரின் நீரை மண் கொள்ளும். நோயுற்றவனுக்கு விருந்திடுதல் போன்றது அது.

சிறுவனிடம் சென்று உண்மை கூறல் வேண்டும் என்னும் எண்ணம், தொட்டியின் இலகுவை அறிந்த அன்றே ஆசிரியர்க்குத் தோன்றிற்று. ஆயினும் செல்லவில்லை. செடி துளிர்க்கட்டும், துளிரைக் காட்டி அழைப்போம் என்று ஒத்திவைத்தார். துளிர்த்தபின் சென்றால் அது மகிழ்ச்சி கூறச் செல்வதாகுமேயன்றிப் பிழை கூறச் செல்வதாகாது. துளிராமலே போயின், சொல்ல வேண்டாது போகவும் கூடும். இத்தகைய கணக்கு உள்ளத்தின் ஒரு மூலையில் ஓடியதை அவர் பின்னர்த் திண்ணையில் மறையாது கூறினார். பூசையில் அமர்ந்தால் வில்வம் இல்லாத குறை தோன்றவில்லை. கீழைச் சந்நிதியில் விலைக்கு வாங்கிய பத்திரம் இருந்தது. அச்சிறுவனின் முகமே தோன்றிற்று.

வைகாசித் தொடக்கத்தில் கோடைமழை பெய்தது. ஓரிரவு காற்றும் மழையும் மிகுந்தபோது, தாழ்வாரத்திற் சாரல் அடித்துத் தொட்டி மீண்டும் நீர்தேங்குமே என்ற கவலையோடு ஆசிரியர் மாடியேறினார். தொட்டி முன்னரே சுவரோரம் உள்ளே தள்ளப்பட்டு, மேலே ஒரு சாக்கு மூடியிருந்தது. அடுத்த வீட்டு மாடியின் கதவு அப்பொழுதுதான் சாத்தப்படும் ஓசை கேட்டது.

மறுநாட்காலை, பூசையை முடித்தவுடன், ஆசிரியர் அடுத்த வீட்டிற்குச் சென்றார். சிறுவனின் தாயார் வரவேற்று இருக்கை தந்தார். அவர் அமரவில்லை. “அம்மா, பிள்ளையைச் சற்றுக் கூப்பிடுங்கள்” என்றார். சிறுவன் கதவின் பின்னே வந்து நின்றான்.

“தம்பி, நீ நாள்தோறும் ஊற்றியது உண்மை. நான் சொன்ன அடையாளந்தான் தவறு. தட்டில் நீர் வந்தும் மண் நனையவில்லை. அதை அறியாமல் உன்னைப் பொய் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். பொய்யானது என் சொல்.”

“எதற்கு, ஐயா, குழந்தையிடம் போய் இதெல்லாம்” என்று தாயார் பதறினார். சிறுவன் ஆசிரியரின் முகத்தைப் பார்க்காது, “செடி செத்துப்போயிற்றா, தாத்தா?” என்றான்.

“இன்னும் தெரியவில்லை.”

அவன் வேறொன்றும் வினவவில்லை. அன்று மாலை சுவரைத் தாண்டி வந்து, தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான்.

அதன்பின் அது நாட்பணியாயிற்று. ஆசிரியர் விரலால் அறிவதனை அவன் கையால் அறிந்தான். தராசில் நிறுத்து, எட்டு கிலோகிராமுக்குக் கீழ் வரும்போது ஊற்றுவதென இருவரும் ஒரு வரம்பு கண்டனர்; பத்து நாளில் தராசு வேண்டாதாயிற்று. தூக்கியவுடன் “இன்று வேண்டாம்” என்றோ “இன்று ஊற்றலாம்” என்றோ கூறிவிடுவான். ஊற்றுங்கால் ஒரே முறையில் ஊற்றாது, சிறிது ஊற்றி, அது ஊறும்வரை பொறுத்து, மீண்டும் சிறிது ஊற்றுவான். விலகிய மண் மீளப் பருத்துச் சுவரைத் தொட்டுவிட்டதனையும் கண்டு கூறியவன் அவனே. ஞாயிறு மாலையில் தூணருகே மீண்டும் வந்தமர்ந்தான். அவ்வாரம் கருதலளவை பாடம். புகையும் நெருப்பும் கூறுமிடத்தில் ஆசிரியர் தட்டும் நீரும் கூறினார். யாருடைய தட்டு என்பதனையும் கூறினார். கேட்டவர் நகைத்தனர். சிறுவன் மட்டும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெட்டிய தண்டின் கீழே எஞ்சிய இரு கிளைகளுள் ஒன்று வைகாசியின் இறுதியில் பட்டுப்போயிற்று. மற்றதன் பசுமையும் மங்கிற்று. நீர் ஏறும் நுண்குழல்களில், கடும் வறட்சியில் நீரின் தொடர் அறுந்து காற்றுப் புகுமாயின், அக்குழல்கள் நீரை ஏற்றும் தொழிலை இழக்கும். அடியில் நீர் இருந்தும் கிளை காய்வது அதனால். ஆசிரியர் நம்பிக்கையைப் பெரும்பாலும் விட்டிருந்தார். ஆனித் திருமஞ்சனத்துக்குச் சில நாள் முன்னர், சிறுவன் தொட்டியைத் தூக்கியவன், வைக்காமலே நின்று, “தாத்தா, இங்கே பாருங்கள்” என்றான். தண்டு மண்ணைச் சேரும் இடத்தில், கிளைகளினின்றன்றி வேரின் தோளினின்று, செந்நிறமான ஒரு முனை எழுந்திருந்தது. அரிசியளவே இருந்தது. ஒட்டுக்கட்டிய எலுமிச்சை போன்றவற்றில் அடியினின்று எழுவது வேறினமாய் முடியும். வித்தினின்று வளர்ந்த வில்வத்தில் அவ்வச்சமில்லை. எழுந்தது அம்மையார் ஊன்றிய வித்தின் உயிரே.

முதலில் விரிந்த இலைகள் சிறியனவாய், பளபளப்பாய், செம்மையுடையனவாய் இருந்தன. முட்களே இலையினும் விரைந்து வளர்ந்தன. அவற்றை ஒருவரும் கொய்யவில்லை. ஆடி முடியுமளவும் தாழ்வாரத்திலும், ஆவணியில் காலைவெயில் மட்டும் படுமிடத்திலும் வைத்தனர். வேர் சுற்றிய பழமண்ணை மாற்றுதல் வேண்டும் என்று அறிந்தும், தழை தேறுமளவும் பொறுத்து, மழை தொடங்குவதற்கு முன் சற்றே பெரிய தொட்டிக்கு மாற்றினர். கார்த்திகை முதற் சோமவாரத்துக்கு முதல்நாளாகிய ஞாயிறன்று, பாடம் முடிந்தபின், சிறுவன் ஒரே ஒரு பத்திரத்தைக் கொய்து கொண்டுவந்து ஆசிரியர் கையிற் கொடுத்தான்.

2025 ஆம் ஆண்டு பங்குனியில் ஆசிரியர் இடக்கண்ணின் அறுவைக்காக மீண்டும் கோயம்புத்தூர் செல்ல நேர்ந்தது. புறப்பட்ட காலையில் சிறுவனை அழைத்து, “தம்பி, செடிக்கு நீர் ஊற்றும்போது” என்று தொடங்கினார்.

“தூக்கிப் பார்த்து ஊற்றுகிறேன், தாத்தா. நீங்கள் போய் வாருங்கள்” என்றான் அவன்.